இயங்கிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்தே பூட் ஃபர்ம்வேர் சிப்பைப் புதுப்பித்தல்: எந்த வழி, எந்தக் கணினிக்கு?

கணினியை இயக்கியவுடன் செயலி படிக்கும் முதல் கட்டளைகள் ஹார்ட் டிஸ்கில் இருப்பவை அல்ல. மதர்போர்டில் சால்டர் செய்யப்பட்டிருக்கும், பெரும்பாலும் எட்டே கால்கள் கொண்ட ஒரு சிறிய எஸ்.பி.ஐ. (சில கம்பிகளில் தரவை வரிசையாக அனுப்பும் இணைப்பு முறை) ஃபிளாஷ் சிப்பில்தான் அவை இருக்கின்றன. அந்தச் சிப்பில் உள்ள ஃபர்ம்வேரை ஒருமுறை பதித்துவிட்டு மறந்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தங்கள் மற்ற மென்பொருள்களுக்கு வருவதைப் போலவே ஃபர்ம்வேருக்கும் வருகின்றன. புதுப்பிக்கத்தான் வேண்டும் என்று முடிவான பிறகு, இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிப்பில் நேரடியாக எழுதுவதா, புதிய பதிப்பை ஒப்படைத்துவிட்டு மறுதொடக்கத்தின்போது ஃபர்ம்வேரே எழுதிக்கொள்ளும்படி விடுவதா, கணினியைத் திறந்து வெளிக்கருவியால் எழுதுவதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எந்த வழி எளிது என்று ஒப்பிடுவதை விட, எழுதுவது யார், எழுதும்போது கணினி எந்த நிலையில் இருக்கிறது, பாதியில் தவறினால் திரும்பி வர வழி உண்டா என்ற மூன்றையும் வைத்து ஒப்பிடுவதே சரி என்பது என் கருத்து. மூன்றில் கடைசியானதே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

சிப்பின் இயல்பைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே விளங்கும். இவை நார் (NOR) வகை ஃபிளாஷ் சிப்புகள். அழிக்கும்போது எல்லா பிட்டுகளும் 1 ஆகின்றன. எழுதும்போது 1-ஐ 0 ஆக்க மட்டுமே முடியும். ஏற்கெனவே 0 ஆகிவிட்ட ஒரே ஒரு பிட்டை 1 ஆக்க வேண்டுமானாலும், வழக்கமாகக் குறைந்தது 4 கிலோபைட் பரப்பை முழுவதுமாக அழித்து, 256 பைட் கொண்ட பக்கங்களாகத் திரும்ப எழுத வேண்டும். 16 மெகாபைட் சிப் ஒன்றில் 64 கிலோபைட் தொகுதிகள் 256 இருக்கும். பக்கங்கள் 65,536 இருக்கும். ஒரு தொகுதியை அழிக்க ஏறத்தாழ 150 மில்லிவினாடியும், ஒரு பக்கத்தை எழுத ஏறத்தாழ 0.7 மில்லிவினாடியும் ஆகும் என்று கொண்டால், முழுச் சிப்பையும் அழித்து எழுதச் சிப்புக்கு மட்டுமே ஒன்றரை நிமிடம் அளவுக்குத் தேவைப்படுகிறது. தரவை அனுப்புவதற்கும் சரிபார்ப்பதற்கும் ஆகும் நேரம் தனி. அந்த இடைவெளியில் கணினிக்கு முழுமையான ஃபர்ம்வேர் என்று ஒன்று கிடையாது. மின்சாரம் போனால் அடுத்தமுறை பொத்தானை அழுத்தும்போது திரையில் எதுவும் வராமல் போகலாம். ஒவ்வொரு வழியும் இந்த இடைவெளியை வெவ்வேறு விதமாகக் கையாள்கிறது. ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

முதலில் நேரடியாக எழுதும் வழி. இதற்குப் பரவலாகப் பயன்படும் திறந்தமூலக் கருவி ஃபிளாஷ்ராம்; கோர்பூட் என்ற திறந்தமூல ஃபர்ம்வேர் திட்டத்தின் துணைக்கருவியாகத் தொடங்கிப் பின்னர் தனித் திட்டமாக வளர்ந்தது. அது ரூட் எனப்படும் முழு நிர்வாகி உரிமையுடன் இயங்கி, சிப்செட்டுக்குள் இருக்கும் எஸ்.பி.ஐ. கட்டுப்படுத்தியின் பதிவகங்களை நேரடியாகக் கையாண்டு, சிப்பில் இப்போது உள்ளதைப் படித்து, புதிய கோப்புடன் ஒப்பிட்டு, வேறுபடும் தொகுதிகளை மட்டும் அழித்து எழுதி, எழுதியதை மீண்டும் படித்துச் சரிபார்க்கிறது. மறுதொடக்கம் செய்யும் வரை பழைய ஃபர்ம்வேர் தொடங்கிவைத்த கணினி அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த வழியைப் பற்றிப் பொதுவாக நிலவும் அச்சம், ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் அடித்தளத்தையே மாற்றினால் அது அங்கேயே நின்றுவிடும் என்பது. சாதாரண மேசைக் கணினியில் அப்படி நடப்பதில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னலும் நிரல்களும் மட்டுமல்லாமல், ஃபர்ம்வேரிலிருந்து வந்து இயங்குதளத்துக்கும் மேலான உரிமையுடன் பின்னணியில் தங்கியிருக்கும் எஸ்.எம்.எம். நிரலும்கூட அந்நேரத்தில் ரேமில்தான் இருக்கின்றன. சிப் பாதி அழிந்த நிலையில் இருந்தாலும் அவை தடையின்றி ஓடுகின்றன. சரிபார்ப்பு தோல்வியடைந்தால், சிப்பின் நிலை தெரியவில்லை, மறுதொடக்கம் செய்யாதீர்கள், மின்சாரத்தை நிறுத்தாதீர்கள் என்று ஃபிளாஷ்ராம் பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை தோன்றும் கணத்தில் உங்களிடம் வேலை செய்யும் கணினி இருக்கிறது, எழுதுவதற்கு முன் எடுத்துவைத்த பிரதி இருக்கிறது, நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது. மீண்டும் ஒருமுறை எழுதிப் பார்க்கலாம். பழைய பிரதியையே திரும்ப வைக்கலாம். கருவியின் வேறு பதிப்பை இறக்கி முயலலாம். அனுபவம் உள்ளவர்களிடம் கேட்கலாம். மறுதொடக்கத்தின்போது ஃபர்ம்வேரே எழுதிக்கொள்ளும் வழியில் தோல்விக்குப் பின் இப்படி ஓர் அவகாசம் கிடைப்பதில்லை, அதனால்தான் இந்த வழியை ஆபத்தானது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வருவதில்லை.

அந்த அவகாசத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு முன்னேற்பாடு மிக முக்கியம், அதையே பலர் கவனிப்பதில்லை. ரேமுக்கு மட்டும் மின்சாரம் தரும் உறக்கநிலைக்குப் போன கணினி, விழிக்கும்போது செயலியின் தொடக்க முகவரியிலிருந்தே, அதாவது அதே ஃபிளாஷ் சிப்பிலிருந்தே புறப்படுகிறது. சிப் பாதியில் இருக்கும்போது மடிக்கணினியின் மூடியை மூடினால் போதும், இருந்த ஒரே வாய்ப்பும் போய்விடும். எனவே தானியங்கி உறக்கநிலை, மூடியை மூடினால் உறங்கும் ஏற்பாடு, புதுப்பிப்புக்குப் பின் தானே மறுதொடக்கம் செய்யும் சேவைகள் ஆகிய எல்லாவற்றையும் எழுதத் தொடங்குவதற்கு முன்பே நிறுத்திவைக்க வேண்டும்.

மடிக்கணினியில் இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்பலகை, விசிறி, பேட்டரி ஏற்றம் ஆகியவற்றைக் கவனிக்கும் உட்பொதிந்த கட்டுப்படுத்தி சில மாடல்களில் தன் நிரலையும் இதே ஃபிளாஷ் சிப்பில் வைத்துக்கொண்டு, அங்கிருந்தே படித்து இயங்குகிறது. அதன் நிரலை அதன் காலடியிலிருந்து உருவினால் விசைப்பலகை உறையலாம், விசிறி நிற்கலாம், கணினி சட்டென்று அணையவும் செய்யலாம். ஃபிளாஷ்ராம் தான் அறியாத மடிக்கணினிகளில் எழுத மறுப்பது இதனால்தான். அந்த மறுப்பை மீறுவதற்கான விருப்பத்தேர்வு கருவியிலேயே இருக்கிறது என்றாலும், உங்கள் மாடலில் வேறு யாரோ வெற்றிகரமாக எழுதியிருக்கிறார் என்று உறுதியாகத் தெரியாத வரை அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது, எதை எழுதுகிறோம் என்பது. தயாரிப்பாளர் தரும் புதுப்பிப்புக் கோப்பு சிப்பின் நேரடிப் பிரதியாக இருக்க வேண்டியதில்லை. முன்னால் தலைப்புப் பகுதி சேர்ந்திருக்கலாம், சுருக்கப்பட்டிருக்கலாம், சிப்பின் ஒரு பகுதிக்கான தரவு மட்டுமே அதில் இருக்கலாம். இன்டெல் கணினிகளில் சிப்பின் தொடக்கத்தில் இருக்கும் விவரக்குறிப்புப் பகுதி, சிப்பைப் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேர்), மேனேஜ்மென்ட் எஞ்சின் (சிப்செட்டுக்குள் தனியாக இயங்கும் துணைச் செயலி), நெட்வொர்க் என்று பிரித்து, எதை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்றும் விதிக்கிறது. பல கணினிகளில் மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியை இயங்குதளத்திலிருந்து படிக்கக்கூட முடியாது. அப்படியானால் உள்ளிருந்து எடுக்கும் பிரதி முழுமையான பிரதி ஆகாது. நெட்வொர்க் பகுதியில் கணினியின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் முகவரி இருக்கும். பயாஸ் பகுதிக்குள்ளேயே வரிசை எண்ணும், விண்டோஸ் உரிமச் சாவியும், பூட் அமைப்புகளும் இருக்கும். வேறொரு கணினியிலிருந்து எடுத்த முழுப் பிரதியை இதில் எழுதினால் கணினி தொடங்கலாம், ஆனால் வேறொரு கணினியின் அடையாளத்தோடு தொடங்கும். ஆகவே பயாஸ் பகுதியை மட்டும் குறிப்பிட்டு எழுதுவதே முறை, அதற்கான விருப்பத்தேர்வு கருவியில் இருக்கிறது.

இவ்வளவு சுதந்திரம் தரும் வழி புதிய கணினிகளில் பெரும்பாலும் அடைபட்டிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தைவானில் 1998-இல் எழுதப்பட்ட சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று செயல்படத் தொடங்கியபோது, டிஸ்கில் உள்ள தரவை அழித்ததோடு, எழுதத் தடையில்லாத மதர்போர்டுகளின் பயாஸையும் குலைத்தது. நேரடியாக எழுத முடிகிற கருவி எதுவானாலும் அதே கதவு தீய நிரலுக்கும் திறந்திருக்கிறது என்பதை உலகம் அன்று கண்டது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2011-இல் வெளியிட்ட பயாஸ் பாதுகாப்பு வழிகாட்டி, கையொப்பம் சரிபார்க்கப்பட்ட புதுப்பிப்பை மட்டுமே ஏற்க வேண்டும், அந்தச் சரிபார்ப்பைச் சுற்றிச் செல்ல வழி இருக்கக் கூடாது என்று வரையறுத்தது. 2018-இல் பாதுகாப்பு நிறுவனமான ஈசெட் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் என்ற தீய நிரல், சிப்பில் எழுதுவதைத் தடுக்கும் சிப்செட் பூட்டுகள் சரியாகப் போடப்படாத கணினிகளில் விண்டோஸிலிருந்தே எஸ்.பி.ஐ. சிப்பில் எழுதித் தன்னை நிலைநிறுத்திக்கொண்டது. டிஸ்கை மாற்றினாலும் அது போகாது. அதனால் இன்று நல்ல கணினியில் சிப்செட் பூட்டுகள் எழுதுவதை எஸ்.எம்.எம். நிரலுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. லினக்ஸ் தரப்பிலும், கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும்போது, பல வினியோகங்களில், 2019-இல் கர்னலின் 5.4 பதிப்பில் சேர்ந்த லாக்டவுன் வசதி, ஃபிளாஷ்ராமுக்குத் தேவையான நேரடி நினைவக அணுகலைத் தடுக்கிறது. செக்யூர் பூட்டை அணைத்து, கர்னலுக்கு நினைவகக் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் அளவுருவைக் கொடுத்து எழுத முடிகிற கணினிகள் உண்டு. அப்படிச் செய்தால், வேலை முடிந்ததும் இரண்டையும் பழையபடி ஆக்குவதை வேலையின் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும்.

கர்னல் டிரைவர் வழியாகச் சிப்பைத் திறந்துவைப்பதன் ஆபத்துக்கு, தீய நோக்கம் எதுவும் இல்லாத எடுத்துக்காட்டும் ஒன்று இருக்கிறது. லினக்ஸ் வினியோகமான உபுண்டு 17.10-இல் இயக்கப்பட்டிருந்த இன்டெல் எஸ்.பி.ஐ. டிரைவர், லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளில் ஃபிளாஷ் சிப்பை எழுத முடியாத நிலைக்குத் தள்ளியதால், பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது. 2017 டிசம்பரில் உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் அந்தப் பதிப்பைப் பதிவிறக்கப் பக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டு, அடுத்த மாதம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. யாரும் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்க முயலாமலேயே நடந்தது இது.

இரண்டாவது வழி, யூ.இ.எஃப்.ஐ. (பழைய பயாஸின் இடத்தில் வந்த ஃபர்ம்வேர் தரநிலை) கேப்சூல். இதில் இயங்குதளம் சிப்பைத் தொடுவதே இல்லை. புதிய ஃபர்ம்வேரைக் கையொப்பத்துடன் கூடிய கோப்பாக ஃபர்ம்வேரிடம் ஒப்படைக்கிறது. கணினி மறுதொடக்கம் ஆகும்போது ஃபர்ம்வேரே கையொப்பத்தையும் பதிப்பையும் சரிபார்த்து, பூட்டுகள் விழுவதற்கு முன்னால் சிப்பில் எழுதிக்கொள்கிறது. லினக்ஸில் இதைச் செய்வது எஃப்.டபிள்யூ.அப்.டி. என்ற சேவை; ரெட் ஹேட்டில் பணிபுரியும் ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கிய இந்தத் திட்டத்துக்குக் கோப்புகள் லினக்ஸ் வெண்டர் ஃபர்ம்வேர் சர்வீஸிலிருந்து வருகின்றன, அங்கே டெல், லெனோவோ, எச்.பி. போன்ற தயாரிப்பாளர்களே அவற்றை ஏற்றுகிறார்கள். விண்டோஸ் அப்டேட் வழியாக வரும் ஃபர்ம்வேரும் இதே கேப்சூல் முறையில்தான் நிறுவப்படுகிறது.

இதன் பலம், எந்தப் பகுதியில் எழுத வேண்டும், எந்தத் தரவைக் காப்பாற்ற வேண்டும் என்பதெல்லாம் தயாரிப்பாளருக்குத் தெரியும் என்பதும், உட்பொதிந்த கட்டுப்படுத்தியை முறைப்படி நிறுத்திவைக்கவும் மேனேஜ்மென்ட் எஞ்சினைச் சேர்த்தே புதுப்பிக்கவும் ஃபர்ம்வேரால் முடியும் என்பதும் ஆகும். நூற்றுக்கணக்கான கணினிகளைப் பராமரிப்பவருக்கு வேறு வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். பலவீனம், எழுதும் நேரத்தில் நம் பக்கம் எந்தக் கருவியும் இல்லை என்பது. திரையில் ஒரு முன்னேற்றப் பட்டை நகரும். அது நின்றுவிட்டால் பிழைச்செய்தியைப் படிக்கவோ, பழைய பிரதியைத் திரும்ப எழுதவோ இடமில்லை. தயாரிப்பாளர் சிப்பில் இன்னொரு முழுப் பிரதியையோ மீட்புத் தொகுதியையோ வைத்திருந்தால் கணினி தானே மீளும், இல்லையென்றால் மீளாது. வாங்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேப்சூல் ஏற்கப்படாமல் போனால் காரணத்தை அறிய ஓர் எளிய இடம் உண்டு. ஃபர்ம்வேர் இயங்குதளத்துக்குத் தரும் ஈ.எஸ்.ஆர்.டி. என்ற அட்டவணையில், ஒவ்வொரு புதுப்பிக்கத்தக்க பகுதிக்கும் இப்போதைய பதிப்பு, ஏற்கத்தக்க மிகக் குறைந்த பதிப்பு, கடைசி முயற்சியின் முடிவு ஆகியவை எண்களாக இருக்கும்; லினக்ஸில் இவற்றைச் சிஸ் (/sys) அடைவின் கீழ் சாதாரணக் கோப்புகளாகவே படிக்கலாம். கடைசி முயற்சியின் முடிவு 0 என்றால் வெற்றி. 3 என்றால் பதிப்பு பொருந்தவில்லை. 5 என்றால் கையொப்பம் தேறவில்லை. 6 என்றால் மின்னிணைப்பு இல்லை. 7 என்றால் பேட்டரி போதவில்லை. புதுப்பிப்பு ஏறவில்லை என்று பொதுவாகப் புலம்புவதற்கு முன் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதே அட்டவணையில் உள்ள குறைந்தபட்சப் பதிப்பு எண்ணைப் புதுப்பிப்பதற்கு முன்பே பார்த்துவைப்பதும் அவசியம், ஏனென்றால் புதிய பதிப்பு அந்த எண்ணை உயர்த்திவிட்டால் பழையதற்குத் திரும்பும் கதவு மூடிவிடும்.

எந்த வழியில் புதுப்பித்தாலும் டிஸ்க் மறையாக்கத்தை மறக்கக் கூடாது. சாவிகளைக் காக்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப்பில் ஃபர்ம்வேரின் அளவீடு பதிவாகிறது. ஃபர்ம்வேர் மாறினால் அளவீடும் மாறும். அந்த அளவீட்டோடு பிணைத்துச் சாவி வைத்திருக்கும் விண்டோஸின் பிட்லாக்கரோ லினக்ஸின் லக்ஸ் மறையாக்க ஏற்பாடோ அடுத்த தொடக்கத்தில் மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி கையில் இல்லாமல் தொடங்குவதை விட, புதுப்பிப்பை ஒருநாள் தள்ளிப்போடுவது மேல்.

நேரடி எழுத்தும் பாதுகாப்பும் ஒன்றாகப் போகாது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட வேண்டாம். குரோம்புக்குகள் தங்கள் ஃபர்ம்வேரை இயங்குதளத்திலிருந்தே, ஃபிளாஷ்ராம் நிரலைக் கொண்டே புதுப்பித்து வந்திருக்கின்றன. அங்கே சிப்பின் ஒரு பகுதி வன்பொருள் தடையால் படிக்க மட்டுமே முடிகிறபடி காக்கப்படுகிறது. மீதியில் ஏ, பி என்று இரண்டு இடங்கள் உண்டு. புதிய பதிப்பு இப்போது பயன்பாட்டில் இல்லாத இடத்தில் எழுதப்பட்டு, அடுத்த தொடக்கத்தில் சோதிக்கப்படுகிறது. தொடங்கவில்லை என்றால் கணினி பழைய இடத்துக்குத் திரும்புகிறது. இரண்டுமே கெட்டாலும் காக்கப்பட்ட பகுதி மீட்புத் திரையைக் காட்டுகிறது. ராஸ்பெரி பை 4 வேறொரு விதத்தில் இதையே சாதிக்கிறது: அதன் 512 கிலோபைட் பூட் சிப் முழுவதும் கெட்டுப்போனாலும், செயலிக்குள்ளேயே மாற்ற முடியாதபடி பொறிக்கப்பட்ட நிரல் எஸ்.டி. கார்டில் உள்ள மீட்புக் கோப்பைப் படித்துச் சிப்பைத் திரும்ப எழுதிவிடும். இப்படிப்பட்ட சாதனங்களில் எழுதும் முறை எதுவாக இருந்தாலும் நான் தயங்க மாட்டேன். திரும்பும் வழி வன்பொருளிலேயே இருக்கும் இடத்தில், புதுப்பித்தல் அன்றாட வேலையாகிவிடுகிறது.

தயாரிப்பாளர் தரும் விண்டோஸ் கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே கேப்சூலையே பயன்படுத்துபவை பரவாயில்லை. தனி டிரைவர் நிறுவிச் சிப்பில் நேரடியாக எழுதுபவற்றில் ஃபிளாஷ்ராமின் ஆபத்துகள் இருக்கும், அதன் வெளிப்படைத்தன்மை இருக்காது. யூ.எஸ்.பி. நினைவகத்தில் கோப்பை வைத்து ஃபர்ம்வேர் அமைப்புத் திரையிலிருந்தே புதுப்பிப்பது மேசைக் கணினிகளில் நம்பகமான பழைய வழி, கேப்சூல் கிடைக்காதபோது அதையே தேர்ந்தெடுக்கலாம். செயலியே இல்லாமல் பின்புறப் பொத்தானால் ஃபர்ம்வேரை எழுதும் வசதி உள்ள மதர்போர்டு என்றால், அதுவே மீட்பு வழியாகவும் உதவும். சர்வர்களில் பி.எம்.சி. என்னும் மேலாண்மைக் கட்டுப்படுத்தி இயங்குதளத்தின் உதவியின்றியே இந்த வேலையைச் செய்யும். அது இருக்கும் இடத்தில் அதைத் தவிர்க்கக் காரணமில்லை.

கடைசி வழி, சிப்பில் எழுதும் தனிக் கருவியான வெளிப்புற புரோகிராமர். கணினியை முழுவதும் அணைத்து, பேட்டரியையும் மின்கம்பியையும் கழற்றி, எட்டுக்கால் சிப்பின் மேல் கவ்வியைப் பொருத்தி, சி.எச்.341ஏ போன்ற சிறு கருவியாலோ ராஸ்பெரி பையின் எஸ்.பி.ஐ. ஊசிகளாலோ படித்து எழுதுவது. பூட்டுகள் எதுவும் இங்கே செல்லாது என்பதால் இதுவே எல்லாவற்றுக்கும் மேலான மீட்பு வழி. முழுமையான பிரதி உறுதியாகக் கிடைப்பதும் இங்கேதான். கவனிக்க வேண்டியது மின்னழுத்தம். 3.3 வோல்ட் சிப்புகளே மிகுதி என்றாலும், 1.8 வோல்ட் சிப்புகள் புதிய மடிக்கணினிகளில் சாதாரணம். அவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மட்டமாற்றி தேவை. விலை மலிந்த சி.எச்.341ஏ பலகைகளில் சில, சிப்புக்கு 3.3 வோல்ட் மின்சாரம் கொடுத்துக்கொண்டே தரவுக் கம்பிகளில் 5 வோல்ட் அனுப்புகின்றன. மீட்டரால் அளந்து பார்க்காமல் கவ்வியைப் பொருத்தக் கூடாது. கவ்வி சரியாகப் பிடித்திருக்கிறதா என்பதைச் சிப்பின் அடையாள எண்ணே சொல்லிவிடும்: வின்பாண்டின் 16 மெகாபைட் சிப் ஒன்று ஈ.எஃப்., 40, 18 என்ற மூன்று பைட்டுகளைத் திருப்பும், எல்லாம் எஃப்.எஃப். என்றோ 00 என்றோ வந்தால் தொடர்பு இல்லை என்று பொருள். அடையாளம் வந்த பிறகும் இருமுறை படித்து, இரண்டு கோப்புகளும் ஒரு பைட்டும் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒப்பிட்ட பின்பே எழுத வேண்டும்.

தயாரிப்பாளர் இன்னும் ஆதரவு தரும் கணினிக்குக் கேப்சூல் என்பதில் எனக்கு ஐயமில்லை. கோர்பூட் போன்ற ஃபர்ம்வேரைத் தாமே தொகுத்துப் பயன்படுத்துபவர்களுக்கு உள்ளிருந்து ஃபிளாஷ்ராமால் எழுதுவதே இயல்பான வழி. வாரம் ஒருமுறை கணினியைத் திறந்து கவ்வி மாட்டுவது நடைமுறைக்கு ஒவ்வாது. ஆனால் அவர்களும் முதல் நிறுவலை வெளிப்புறத்திலிருந்து செய்து, முழுப் பிரதியை வேறொரு கணினியில் பத்திரப்படுத்திவிட்டு, அதன் பிறகே உள்ளிருந்து எழுதத் தொடங்க வேண்டும். கவ்வியும் மட்டமாற்றியும் கையில் இருப்பவருக்கு, உள்ளிருந்து எழுதுவதில் மிச்சமிருக்கும் ஆபத்து ஒரு மாலை வேலை மட்டுமே. இல்லாதவருக்கு அது மதர்போர்டின் விலை. ஆதரவு நின்றுபோய், பூட்டுகளும் இறுகியிருக்கும் பழைய மடிக்கணினியைப் பொறுத்தவரை, உள்ளிருந்து பூட்டைத் தளர்த்த முயன்று நேரத்தை வீணாக்காமல் நேராக வெளிப்புற புரோகிராமருக்குப் போய்விடுவதே நல்லது. அதற்கும் மனமில்லை என்றால், இருக்கும் ஃபர்ம்வேரை அப்படியே விட்டுவிட்டு, செயலியின் உள்நிரலான மைக்ரோகோடின் திருத்தங்களை மட்டும் ஒவ்வொரு தொடக்கத்திலும் இயங்குதளம் ஏற்றிக்கொள்ளும்படி அமைக்கலாம். அதனால் ஃபர்ம்வேரின் சொந்த ஓட்டைகள் அடைபடா, ஆனால் சிப்பில் ஒரு பைட்கூட மாறாது.